பழைய சுமை வண்டி வாங்குவோர் பழுதுகளைப் பேசித் தீர்க்கும் முறை

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள கடற்கரைக் கிராமங்களில், மீன் ஏற்றிச் செல்லும் சிறு லாரி ஒன்றை வாங்குவது, நிலம் வாங்குவதற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய காரியமாகும். விடியற்காலையில் கரையேறிய மீன் பனிக்கட்டியோடு சென்னைச் சந்தைக்கு உரிய வேளையில் சேராவிடில், கூலியும் கிடையாது, முதலும் கிடையாது. புது வண்டிக்குப் பணம் போதாதவர்கள் பழைய வண்டி வியாபாரிகளை நாடுகிறார்கள். அங்கே வண்டியின் பழுதுகள் மறைக்கப்படுவதில்லை என்பதே வியப்பான செய்தி. கிளட்ச் வழுக்குகிறது என்றும், இரண்டு டயர்கள் தேய்ந்துள்ளன என்றும் வியாபாரியே சொல்லிவிடுகிறார். “வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், அதையெல்லாம் பார்த்துத் தருகிறோம்” என்கிறார். வாங்குபவரும் அவ்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்கிறார். பிற்பாடு நேரிடும் வழக்குகளும் மனத்தாங்கல்களும் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையிலிருந்தே பிறக்கின்றன.

மாட்டுச் சந்தையில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து வாங்கினவர், மறுநாள் திரும்பி வந்து மாடு கிழடு என்று சொன்னால் சந்தையில் யாரும் காது கொடுப்பதில்லை. சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அவ்வகைச் சரக்கில் வியாபாரம் செய்பவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரமுள்ளதாயிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைத் தானாகவே கிரயத்தில் சேர்க்கிறது. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருப்பாரேயானால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனை பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. ஆகவே மறைந்த பழுதுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கும். கண்ணால் கண்டு, காதால் கேட்டு, தலையசைத்து ஒப்புக்கொண்ட பழுதுக்கு ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதே துணை. ரசீதில் “உள்ளது உள்ளபடி” என்ற சொற்கள் அச்சிடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏனெனில் சட்டம் தானாகச் சேர்க்கும் நிபந்தனைகளை இரு திறத்தாரும் வெளிப்படையான உடன்பாட்டினால் நீக்கிக்கொள்ள 62-வது பிரிவு இடங்கொடுக்கிறது.

ஆதலால் பேரம் தொடங்குமுன் பழுதுகள் யாவை என்று வாங்குபவரே தெரிந்துகொள்ள வேண்டும். வியாபாரி சொல்லும் பட்டியல் போதாது. தமக்கு நம்பிக்கையுள்ள மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது செலவு அன்று. வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் கிளப்பச் சொல்ல வேண்டும். முன்னமே சூடேற்றி வைத்த இயந்திரம் எளிதில் கிளம்பும். அது ஒன்றையும் காட்டிக் கொடுக்காது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று கொள்ளலாம். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நலம்.

இக்கடற்கரைக்கு உரிய பழுது ஒன்று உண்டு. அதை உள்நாட்டு மெக்கானிக்குகள் சில சமயம் கவனிப்பதில்லை. மீன் வண்டியில் பனிக்கட்டி உருகி, மீனின் உப்போடு கலந்து, தளப்பலகையின் இடுக்குகள் வழியே சேஸின் மேல் நாள்தோறும் சொட்டுகிறது. போதாததற்குக் கடற்காற்று வேறு. நாலைந்து வருஷத்தில் வெளியே பளபளப்பாகத் தோன்றும் வண்டியின் அடிப்பாகம் அரித்துப் போயிருக்கக்கூடும். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசியிருப்பதைக் கண்டால் மகிழ வேண்டாம், சந்தேகிக்க வேண்டும். சிறு சுத்தியலால் சேஸை நெடுகத் தட்டிப் பார்த்தால், உறுதியான இரும்பு கணீரென்றும், அரித்த இரும்பு மந்தமாகவும் ஒலிக்கும். பிரேக் குழாய்களின் வளைவுகள், வில் பட்டைகளின் இடைவெளிகள், மின்கம்பிகள் இணையும் இடங்களில் பூத்த பச்சைக் களிம்பு ஆகிய இவற்றையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். கிளட்சும் டயரும் மாற்றக்கூடியவை. சேஸ் அரித்த வண்டியை எவ்விலைக்கும் பேசலாகாது.

வெறும் வண்டியை ஓட்டிக் காட்டுவது வியாபாரிகளின் வழக்கம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அத்தூரமேனும் பாரத்துடன் ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். சாலையில் கொண்டுபோகக் கூடாது என்ற சாக்கு இப்பொழுது செல்லாது. 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி போக்குவரத்து அதிகாரியிடம் அதிகாரச் சான்று பெற வேண்டும். அவர் வசமுள்ள வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கும் பழுது பார்க்கவும் வெளியே எடுத்துச் செல்ல அவ்விதிகள் இடமளிக்கின்றன. அச்சான்றைக் காட்டும்படி கேட்பது அவமரியாதை ஆகாது.

இனிப் பேரத்துக்கு வருவோம். தெரிந்த பழுதுக்கு வழிகள் மூன்று: விலையைக் குறைத்துக்கொள்வது, வியாபாரியே சரிசெய்து தரச் சொல்வது, பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது. பலரும் முதல் வழியையே கெட்டிக்காரத்தனம் என்று எண்ணுகிறார்கள். கடனில் வாங்குபவருக்கு அது எப்படி முடிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

வண்டி விலை ரூ. 4,50,000 என்றும், கடன் கொடுப்பவர் விலையில் நூற்றுக்கு எழுபது வீதம் ரூ. 3,15,000 கொடுப்பதாகவும், வாங்குபவர் கையில் ரூ. 1,35,000 இருப்பதாகவும் வைத்துக்கொள்க. மெக்கானிக் போட்ட பழுதுச் செலவு ரூ. 41,000. வியாபாரி பெருந்தன்மையாக முழுத் தொகையையும் விலையில் குறைத்துவிடுகிறார். விலை ரூ. 4,09,000 ஆகிறது. கடனும் அதே வீதத்தில் ரூ. 2,86,300 ஆகக் குறையும். கையிலிருந்து போட வேண்டியது ரூ. 1,22,700. மிஞ்சுவது ரூ. 12,300. நாற்பத்தோராயிரம் ரூபாய் வேலைக்கு ரூ. 28,700 குறைகிறது! கடன் பாரம் குறைந்தது உண்மையே. ஆனால் வண்டி ஓடினாலன்றித் தவணை கட்ட இயலாது, பழுது பார்த்தாலன்றி வண்டி ஓடாது. அக்குறைக்கு நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் கைமாற்று வாங்கினால் மாதம் ரூ. 861 வட்டிக்கே போகும். இதற்கு அஞ்சிப் பழுதோடு ஓட்டினாலோ, நடுவழியில் மீன் கெடும்.

ஆகையால் கையில் ரொக்கம் குறைந்தவர், விலையைக் குறைப்பதைக் காட்டிலும், அதே விலைக்குள் வேலையை முடித்துத் தரும்படி கேட்பதே பொருத்தம். அதிலும் ஒரு வேற்றுமை உண்டு. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு ஆகியவற்றை வியாபாரியே சரிசெய்து, எஃப்.சி. புதுப்பித்துத் தர வேண்டும். தகுதிச் சான்று இல்லாத சுமை வண்டி, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. இயந்திரத்தின் உள்வேலையோ வேறு மாதிரி. வியாபாரி தமது வொர்க்‌ஷாப்பில் செய்தால் மலிவான பாகங்களைப் போட்டு மூடிவிட இடமுண்டு. மூடின பின் பார்க்கவும் முடியாது. அவ்வேலைக்கு மாத்திரம் விலைக் குறைப்பைப் பெற்றுத் தம் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம்.

மூன்றாவது வழியே வலிமை மிக்கது. ஆனால் கடன் தொகை பெரும்பாலும் நேரே வியாபாரிக்குப் போய்விடுவதால், நிறுத்தி வைப்பதானால் சொந்தப் பங்கிலிருந்துதான் நிறுத்த வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லி, பழுதுச் செலவுக்குச் சமமான தொகையைப் பாக்கி வைத்து, வேலை முடிந்து பாரத்துடன் ஓட்டிப் பார்த்த பின் தருவதாக எழுதிக்கொள்ளலாம். வியாபாரி மறுப்பது இயல்பே. வண்டி போன பின் பாக்கி வராது என்ற அச்சம் அவருக்கும் உண்டு; அதில் நியாயமும் உண்டு. அப்படியானால் இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் தொகையை ஒப்படைக்கலாம். எழுத்தில்லாமல் பணத்தை நிறுத்துவது பேச்சு மீறுவதாகும் என்பதையும் வாங்குபவர் மறக்கலாகாது. எழுதியிருந்தும் வேலை நடவாவிட்டால், உத்தரவாதம் மீறப்பட்ட அளவுக்கு விலையில் கழித்துக்கொள்ள 59-வது பிரிவு உரிமை தருகிறது.

எழுதும் மாதிரியைப் பற்றிச் சில வார்த்தைகள். “எல்லாப் பழுதும் சரிசெய்து தரப்படும்” என்பது எழுதாததற்குச் சமம். எந்தப் பாகம், புதியதா பழையதா, எந்த வொர்க்‌ஷாப்பில், எந்தத் தேதிக்குள், தவறினால் எவ்வளவு தொகை என்று தனித்தனியே எழுத வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற ஒரு ஷரத்து பல ஏமாற்றங்களைத் தடுக்கும். தேய்ந்த கிளட்ச் தட்டு கையில் வந்தால், வேலை நடந்ததற்கு அதுவே முதல் சாட்சி.

தகராறு வந்தால் ஜில்லா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வியாபார நோக்கத்துடன் வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைக்கும் பொருட்டு வாங்கினவருக்கு விலக்கு உண்டு. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் இயந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. லாரி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று உதாரணமும் காட்டியது. முழுவதும் ஆள் வைத்து ஓட்டுபவருக்கு அச்சலுகை இல்லை. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் முறையிட வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கமாக வண்டி வாங்குவோர் இவ்விலக்கை நம்பியிராமல் ஒப்பந்தத்தையே நம்புதல் நன்று. பழுதுப் பட்டியலை நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு சேர்த்துப் பதிவு செய்து வைக்க வேண்டும்.

வண்டியைப் பெறும் நாளில் அவசரப்படலாகாது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று கையெழுத்தை முன்னால் போட்டுச் சோதனையைப் பின்னால் வைப்பவர்கள் பலர். பொருளை ஏற்றுக்கொண்ட பின், நிபந்தனை மீறலுக்கு நஷ்டஈடு கேட்கலாமேயன்றி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி வண்டியைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்பது 13-வது பிரிவின் சாரம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு வேலையையும் மெக்கானிக் பார்த்துக் குறியிட்டு, ஆர்.சி. மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் நமூனாக்களில் கையொப்பம் உள்ளதா என்று கண்டு, முன் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35-ஆம் நமூனாவையும் வாங்கிக்கொண்டு, வண்டி ஓடிய கிலோமீட்டரையும் தேதியையும் நேரத்தையும் ரசீதில் குறித்து, இரு திறத்தாரும் கையொப்பமிட்ட பின்னரே சாவியைப் பெறுதல் வேண்டும்.