கூலிங் டவர் விசிறிக்கு எந்தப் பேரிங்?



டிசைன் பேப்பரில் பேரிங் கணக்கு வந்துவிட்டால் நமக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஃபார்முலா ஒன்றுதான், டேட்டா புக் கையில் இருக்கிறது, மார்க் நிச்சயம். ஆனால் அந்தக் கணக்கில் பாஸான பேரிங், ஆலைக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று நாம் யோசிப்பதில்லை. இன்-பிளாண்ட் டிரெயினிங்குக்காகப் பதினைந்து நாள் ஒரு கெமிக்கல் ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். அங்கே கூலிங் டவர் விசிறிகளோடுதான் பாதி நாள் போயிற்று. அங்கு கண்டதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். சாரம் இதுதான்: கூலிங் டவரில் பேரிங்கைப் பெரும்பாலும் கொல்வது பளு அல்ல, தண்ணீர். எனவே நம்பரைக் கண்டுபிடித்ததோடு பேரிங் தேர்வு முடிந்துவிடாது.

விசிறி நிற்கும் இடம்

கண்டென்சரிலும் கம்ப்ரஸரிலும் சூடாகி வரும் தண்ணீரைக் காற்றில் தூவி, அதில் ஒரு சிறு பங்கை ஆவியாக்கி, மீதியைக் குளிர வைப்பதுதான் கூலிங் டவரின் வேலை. அனல் மின் நிலையங்களில் இடுப்பு சுருங்கிய பெரிய கான்கிரீட் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலே எழும்புகிறது. மற்ற ஆலைகளில் இருப்பவை பெரும்பாலும் விசிறி வைத்தவை. விசிறி கீழே இருந்து காற்றைத் தள்ளினால் ஃபோர்ஸ்டு டிராஃப்ட். உச்சியில் இருந்து காற்றை மேலே இழுத்தால் இண்டியூஸ்டு டிராஃப்ட்.

நாம் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. அதில் விசிறி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். டவருக்குள் நனைந்து வரும் காற்று முழுவதும் விசிறி வழியாகத்தான் வெளியே போகிறது. அந்தக் காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம். போதாதற்குப் பறந்து வரும் நீர்த்துளி, தண்ணீரில் கலக்கும் குளோரின், தூசி. கடலோர ஆலை என்றால் உப்புக்காற்றும் சேரும். வருஷம் முழுக்க மழைக்காலத்தில் வாழும் பேரிங் அது.

பளு எந்தப் பக்கம்?

விசிறியின் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது. ஆகவே விசிறியின் எடை முழுவதும் கீழ்நோக்கி, அதாவது ஆக்ஸியல் பளுவாக வருகிறது. விசிறி காற்றை மேலே தள்ளுவதால் அதன் எதிர்விசையும் கீழ்நோக்கியே வரும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆக இரண்டும் கூடும். பெல்ட் டிரைவ் என்றால் பெல்ட்டின் இழுப்பு ரேடியல் பளுவாகச் சேரும்.

எனவே பேரிங் வகையைப் பார்க்கும்போது:

1. சாதாரண சிலிண்டிரிக்கல் ரோலர் பேரிங் ரேடியல் பளுவை நன்றாகத் தாங்கும், ஆக்ஸியலுக்கு ஆகாது. இரண்டு முனையிலும் இதையே போட்டால் விசிறியைத் தாங்க ஆள் இல்லை.

2. டீப் குரூவ் பால் பேரிங் ரேடியலோடு ஓரளவு ஆக்ஸியலையும் தாங்கும். சிறிய ஃபைபர் டவர்களில் விசிறியை மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மாட்டுவார்கள். அங்கே மோட்டாரின் பால் பேரிங்தான் விசிறியையும் சுமக்கிறது.

3. டேப்பர் ரோலர் பேரிங்கை ஜோடியாகப் போட்டால் இரண்டு வகைப் பளுவையும் வலுவாகத் தாங்கும். பெரிய டவர்களின் கியர் பாக்ஸில் விசிறி ஷாஃப்ட்டுக்கு இதுதான் வழக்கம்.

4. ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங் கனமான பளுவையும் தாங்கும், ஷாஃப்ட் சிறிது கோணினாலும் பொறுத்துக்கொள்ளும்.

நான்காவதற்கு முன்னோடியான செல்ஃப்-அலைனிங் பால் பேரிங் பிறந்த கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் ஒரு ஜவுளி ஆலையில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினியர் இருந்தார். ஆலை நின்றது களிமண் பூமியில். மண் அசைய, கட்டடம் அசைய, ஷாஃப்ட் கோணிப் பேரிங்குகள் அடிக்கடி போயின. 'இன்னும் வலுவான பேரிங் வேண்டும்' என்று அவர் போகவில்லை. கோணலைப் பொறுத்துக்கொள்ளும் பேரிங்கை உருவாக்கினார். 1907-இல் எஸ்.கே.எஃப். நிறுவனம் தோன்றியது அதை வைத்துத்தான். அதே நிறுவனத்தின் ஆர்விட் பாம்கிரென் 1919-இல் ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்கை வடிவமைத்தார். இடத்தின் குறையைப் பார்த்துப் பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். விசிறியின் விட்டம் 3 மீட்டர், பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். எடை 90 கிலோ என்றால் பளு 0.9 கிலோ நியூட்டன். விசிறி உண்டாக்கும் அழுத்தம் 130 பாஸ்கல் என்றால் எதிர்விசையும் ஏறக்குறைய 0.9 கிலோ நியூட்டன். மொத்த ஆக்ஸியல் பளு 1.8. பெல்ட் இழுப்பையும் சேர்த்து, கேட்டலாக் முறைப்படி ஈக்விவலென்ட் பளு 4 கிலோ நியூட்டன் வருவதாக வைத்துக்கொள்வோம். பால் பேரிங்கின் டைனமிக் கெப்பாசிட்டி 60 கிலோ நியூட்டன்.

60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. பால் பேரிங்குக்கு அதன் மூன்றாம் அடுக்கு: 3375 மில்லியன் சுற்றுகள். (ரோலர் என்றால் அடுக்கு 10/3.) மோட்டார் 1440 ஆர்.பி.எம்., புல்லி விகிதம் 4 என்றால் விசிறி 360 ஆர்.பி.எம். மணிக்கு 21,600 சுற்று. வகுத்தால் 1,56,250 மணி நேரம். இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 18 வருஷம்!

இதற்குப் பெயர் எல்-10 ஆயுள். நூறு பேரிங்கில் தொண்ணூறு இந்த ஆயுளைத் தாண்டும், பத்து அதற்குள் போய்விடலாம் என்று பொருள். இந்தக் கணக்கின் அடிப்படை 1947-இல் லுண்ட்பெர்க், பாம்கிரென் இருவரும் வெளியிட்டது. ஆனால் அது உலோகச் சோர்வால் வரும் சாவை மட்டும் கணக்கிடுகிறது. நல்ல கிரீஸ், சுத்தமான இடம், சரியான ஃபிட்டிங் எல்லாம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

நான் இருந்த ஆலையில் விசிறிப் பேரிங் இரண்டு மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம் என்றார்கள். "கேட்டலாக்குல மழை பெய்யாது தம்பி" என்று ஃபிட்டர் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எட்டு சொட்டுத் தண்ணீர்

தண்ணீர் எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து? 1977-இல் கேன்ட்லி என்பவர் டேப்பர் ரோலர் பேரிங்குகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. எண்ணெயில் பத்து லட்சத்தில் 100 பங்கு தண்ணீர் இருக்கும்போது கிடைக்கும் ஆயுளை 100 சதவீதம் என்று வைத்தால், 400 பங்கு ஆகும்போது ஆயுள் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 400 பங்கு என்பது ஒரு லிட்டர் எண்ணெயில் 0.4 மில்லி லிட்டர், சுமார் எட்டு சொட்டு! கண்ணுக்குத் தெரியும்படி எண்ணெய் மோர் போல வெளுக்கிறது என்றால் அந்த அளவை எப்போதோ தாண்டியாயிற்று.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? மேலிருந்து கொட்டி மட்டுமல்ல. ஓடும்போது ஹவுசிங் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். நிறுத்தினால் குளிர்ந்து சுருங்கி, சுற்றியுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஹவுசிங் மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். உள்ளே போன ஈரம் வியர்த்து, பந்துகளின் அடியில் தேங்கித் துருவாகிறது.

பேரிங் ஸ்டீல் துருப்பிடிக்குமா என்று சிலர் கேட்கலாம். நம் வொர்க் ஷாப்பில் சொல்லும் ஈ.என்.31 தான் அது. சுமார் 1 சதவீதம் கார்பன், 1 முதல் 1.6 சதவீதம் குரோமியம். துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம் 12 சதவீதம் அளவுக்காவது தேவை. 'அப்படியானால் ஸ்டெயின்லெஸ் பேரிங் போடலாமே' என்றால், விலை அதிகம், பளு தாங்கும் திறனும் பொதுவாகக் குறைவு. தண்ணீரை வெளியே நிறுத்துவதே மேல்.

பழைய பேரிங்கைப் படியுங்கள்

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். கிணற்று மோட்டாரில் பேரிங் போனால் எங்கப்பா பழையதைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வருவார். பெரிய ஆலைகளிலும் பல நேரம் இதே கதைதான். இன்டென்ட்டில் பழைய நம்பரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அப்பா இன்னொரு காரியமும் செய்வார். பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, "இதுக்குள்ள தண்ணி எறங்கியிருக்குடா, மேல மூடி சரியில்ல" என்பார். மூடியைச் சரிசெய்த பிறகுதான் புதுசு உள்ளே போகும். ஆலையில் நான் பார்க்காதது இந்தப் பழக்கத்தைத்தான். கழற்றிய பேரிங் நேரே ஸ்கிராப்புக்குப் போனது.

கழற்றிய பேரிங்கில் பார்க்க வேண்டியவை:

* பந்துகளின் இடைவெளியிலேயே துருப்புள்ளிகள்: நின்றிருக்கும்போது ஈரம் இறங்கியிருக்கிறது.
* அதே இடைவெளியில் சிறு குழிகள், துரு அதிகமில்லை: ஸ்டாண்ட்பை விசிறி, பக்கத்து விசிறியின் அதிர்வில் அடிபட்டிருக்கிறது. நிற்கும் விசிறியை அவ்வப்போது ஓட்ட வேண்டும்.
* நீலம் பாய்ந்த கறுப்பு நிறம்: கிரீஸ் வறண்டு சூடேறியிருக்கிறது.
* ரேஸில் ஏணிப்படி போல வரிகள்: மோட்டார் பேரிங்கில், அதுவும் வி.எஃப்.டி. வைத்த இடத்தில், மின்சாரம் பாய்ந்திருக்கலாம். ஷாஃப்ட் எர்த்திங் அல்லது இன்சுலேட்டட் பேரிங் வேண்டும்.
* ரேஸில் செதில் செதிலாக உரிந்திருந்தால்தான் உலோகச் சோர்வு அல்லது அதிகப் பளு என்று சந்தேகிக்கலாம்.

ஃபிட்டர் அண்ணன் எனக்குக் காட்டிய நான்கு பேரிங்கில் மூன்றில் துரு. ஒன்று கிரீஸ் இல்லாமல் கறுத்தது. பெரிய சைஸ் வாங்கியிருந்தாலும் நான்கும் போயிருக்கும்.

சீல், கிரீஸ்

இசட்.இசட். என்று முடியும் பேரிங்கில் இரும்புத் தகடு மூடி இருக்கும். அதற்கும் உள் வளையத்துக்கும் இடையே சந்து உண்டு. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்.எஸ். என்றால் ரப்பர் சீல், உள் வளையத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். விசிறி மெதுவாகச் சுற்றுவதால் உராய்வுச் சூடு பெரிய பிரச்சினை இல்லை. ஹவுசிங் வகை என்றால் லாபிரிந்த் சீலும், ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு குடை போன்ற தட்டும் மேல் பக்கம் வேண்டும். மோட்டாருக்குக் குறைந்தது ஐ.பி.55 பாதுகாப்பு கேளுங்கள்.

கிரீஸில் சோடியம் வகை தண்ணீரில் கரையும். டவர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. லித்தியம் காம்ப்ளெக்ஸ் நல்லது. கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் தண்ணீருக்கும் துருவுக்கும் இன்னும் நல்லது. ஆனால் ஒன்றின் மேல் இன்னொன்றைக் கலக்கக் கூடாது. பொருந்தாத இரண்டு சேர்ந்தால் இளகி வழிந்துவிடும். செங்குத்து ஷாஃப்ட்டில் கிரீஸ் கீழே இறங்காமலிருக்கக் கொஞ்சம் கெட்டியான 3-ஆம் நம்பரைப் பலர் விரும்புகிறார்கள்.

வேகமாகச் சுற்றும் ஹவுசிங்கில் பாதிக்கு மேல் கிரீஸ் அடைக்கக் கூடாது என்று படித்திருக்கிறோம். மிக மெதுவாகச் சுற்றும் இடத்தில், ஈரத்துக்கு இடம் விடாமல் முழுக்க நிரப்புவதும் உண்டு. பாடத்தில் படித்த விதியும் இடத்தைப் பார்த்து மாறும்.

மேலே ஏறுபவர் யார்?

விசிறி நின்றால் தண்ணீர் குளிராது, உற்பத்தி குறையும். அது கம்பெனி நஷ்டம். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரிங் போனால் ஏறப்போவது ஒரு கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். நான் பார்த்தவனுக்கு என் வயசுதான் இருக்கும், எட்டாவதோடு நின்றவன். மழையில் வழுக்கும் ஃபேன் டெக்கில் புல்லரைத் தூக்கிக்கொண்டு இரவு இரண்டு மணி வரை வேலை செய்தான். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினாலும் விசிறி நிற்கும் என்று நம்ப முடியாது. காற்று இழுப்பில் தானாகச் சுற்றும். கயிற்றால் கட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். தேர்வு செய்பவர் மேஜையில் ஒரு சீலை மிச்சம் பிடித்தால், அதன் விலையை அவன் மேலே கொடுக்கிறான்.

கிரீஸ் நிப்பிளை ஒரு குழாய் வழியாக விசிறிக் கூண்டுக்கு வெளியே கொண்டுவந்தால், யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. கியர் பாக்ஸ் என்றால் எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியையும், மூச்சுக்குழாயையும் அதேபோல வெளியே எடுக்க வேண்டும்.

நண்பர்களே, நாளைக்கு ஏதோ ஒரு ஆலையில் இன்டென்ட் எழுதும் இடத்தில் நாம்தான் உட்காருவோம். அப்போது நம்பரோடு நிறுத்தாமல் இந்த ஆறையும் எழுதுங்கள்: பளுவின் திசை, பேரிங் வகை, சீல், கிரீஸின் பெயர், கிளியரன்ஸ், பழையது போன காரணம். டூப்ளிகேட் நடமாடும் சரக்கு என்பதால் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால் இன்டென்ட் எழுதுவதற்கு முன் ஒரு தடவை டவர் மேலே ஏறிப் பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை