ஜீப் ஆக்சிலில் விரிசல்

கேள்வி: போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப். பின் ஆக்சில் கூட்டில் விரிசல். பற்றவைக்கலாமா?

பதில்: போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு இது புதிதல்ல. முதலில் உலோகம் எதுவெனத் தெரியவேண்டும். இவ்வகை ஆக்சிலில் பக்கக் குழாய்கள் எஃகு. நடுக்குண்டு பெரும்பாலும் வார்ப்பு. கிரைண்டரை லேசாக வைத்தால் எஃகு நீண்ட மஞ்சள் பொறி வீசும். வார்ப்பிரும்பின் பொறி குட்டை, மங்கிய சிவப்பு. துளையிட்டால் எஃகு சுருளாக வரும், வார்ப்பிரும்பு கருந்தூளாக உதிரும்.

வார்ப்பிரும்பில் சாதா ராடு ஓட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். ஆயிலை வடித்து, பிசுக்கு நீக்கி, விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு, சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றவேண்டும். நிக்கல் ராடால் அங்குலம் அங்குலமாக ஓட்டி, சூடு ஆறுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். பிறகு சாம்பலில் மூடி ஆறவிடலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது.

பேரிங் அமரும் இடத்தில் விரிசலா? கூட்டையே மாற்றிவிடுங்கள்.