இரண்டு ஏஸ் வந்தும் தோற்பது ஏன்? போக்கர் டோர்னமெண்டின் முதல் அரைமணி நேரம்

தென்காசியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாரல் சீசனுக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த நேரம் பார்த்துக் குற்றாலம் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அதே கதை. பொழுது போகாமல், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் போக்கர்டிஎச் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து, ஆளுக்கொரு டோர்னமெண்ட் ஆடியிருக்கிறார்கள். அவருடைய சந்தேகம் இதுதான்: மோசமான சீட்டு வந்தால் தப்பித்துக் கொள்கிறோம், இரண்டு ஏஸ் வந்தால்தான் கையில் உள்ளதெல்லாம் போகிறது. புரோகிராம் ஏமாற்றுகிறதா? பணம் வைத்து ஆடும் தளங்களில் இப்படி இருக்காதோ?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கமே போக வேண்டாம். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. போக்கரும் ரம்மியும் அதில் அடக்கம். வெளிநாட்டுத் தளம் ஏதாவது ஆசை காட்டினால் உங்கள் பேங்க் விவரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். போக்கர்டிஎச் அப்படியானதல்ல. இது இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இன்டர்நெட் இணைப்பு இல்லாமலே கம்ப்யூட்டர் எதிராளிகளுடன் ஆடலாம். இதில் உள்ள சிப்ஸ் வெறும் எண்கள்தான்.

இப்போது முதல் கேள்வி. புரோகிராம் ஏமாற்றவில்லை. ஆடும் முறையில்தான் கோளாறு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, பிறகு 1, கடைசியாக 1 என்று 5 சீட்டு விழும். இந்த 7-ல் சிறந்த 5 சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏற்றலாம் (ரெய்ஸ்), சமமாகப் போடலாம் (கால்), சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம் (ஃபோல்ட்). சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். டோர்னமெண்டில் இந்த பிளைண்ட் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும்.

52 சீட்டில் 2 சீட்டை 1,326 விதமாக எடுக்கலாம். அதில் இரண்டு ஏஸ் வருவது 6 விதம்தான். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. இவ்வளவு அபூர்வமாக வருவதால், கிடைத்தவுடன் நம் வாசகர் என்ன செய்கிறார்? யாரும் பயந்து ஓடிவிடக் கூடாதே என்று சும்மா கால் மட்டும் செய்து பதுங்குகிறார். தவறு இங்கேதான் தொடங்குகிறது. எதிரில் ஒரே ஒருவர் இருந்து கடைசிச் சீட்டு வரை போனால், அவரிடம் எந்தச் சீட்டு இருந்தாலும் சரி என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு ஏஸ் 100-க்கு 85 முறை ஜெயிக்கும். நான்கு பேர் இருந்தால் 56 முறைதான். ஒன்பது பேரும் கடைசி வரை நின்றால் வெறும் 31. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பலவீனமானவர்களே. ஆனால் ஒன்பது பேரில் யாராவது ஒருவருக்கு இரண்டு ஜோடியோ, வரிசையோ அமைந்துவிடும். கூட்டத்தை விலக்காமல் விட்டது நீங்கள், பழி புரோகிராம் மேல்!

ஆகவே முதல் கட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் ஏற்ற வேண்டும். எவ்வளவு? உங்களிடம் 3,000 சிப்ஸ், பிளைண்ட் 10, 20 என்று வையுங்கள். கையில் இரண்டு கிங். உங்களுக்கு முன் மூன்று பேர் 20 போட்டு உள்ளே இருக்கிறார்கள். பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு 60, உள்ளே இருக்கும் ஆளுக்கு 20 வீதம் இன்னொரு 60. ஆக 120 என்று எண்ணை டைப் செய்து ரெய்ஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர்தான் மிஞ்சுவார்கள். எடுத்ததும் ஆல்-இன் பட்டனை அமுக்குவதும் சரியல்ல. எல்லோரும் ஓடிவிட்டால் 90 சிப்ஸ்தான் மிச்சம். அபூர்வச் சீட்டுக்கு அது நஷ்டக் கணக்கு.

அடுத்த பாதிதான் கஷ்டம். ஏற்றிய பிறகு விடவும் தெரிய வேண்டும். மேஜையில் 9, 8, 7 என்று அடுத்தடுத்து விழுகிறது. இதுவரை சும்மா இருந்தவர் திடீரென்று தன்னிடம் உள்ளது எல்லாவற்றையும் வைக்கிறார். உங்களிடம் இருப்பது இன்னும் ஒரு ஜோடி கிங்தான். போட்ட 120 போகட்டும், மீதி 2,880 கையில் இருக்கிறதே. 20 பிளைண்டுக்கு அது 144 மடங்கு, நிதானமாக ஆட நிறைய நேரம் இருக்கிறது. 101 ரம்மி ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. முதல் டிராப் 20 புள்ளி, நடு டிராப் 40, பிடிவாதமாக உட்கார்ந்தால் ஃபுல் 80. ராஜா ராணி கையில் இருக்கிறதே என்று 80 வாங்கியவர்கள் எத்தனை பேர்!

சீட்டெல்லாம் ஒரே எடை அல்ல என்பதையும் கவனியுங்கள். பொதுச் சீட்டு விழும் முன்பே ஒருவர் ஆல்-இன் சொன்னால், இரண்டு ஏஸோடு தாராளமாகப் போகலாம். எதிரில் இரண்டு கிங்கே இருந்தாலும் 100-க்கு 80-க்கு மேல் உங்கள் பக்கம். ஆனால் ஏஸும் கிங்கும் சேர்ந்த கை பார்க்கத்தான் அழகு. மிகச் சிறிய ஜோடியான இரண்டு 2-க்கு எதிரேகூட அது சற்றே பின்தங்கியது. இரண்டு ஜாக்கியோ? முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே ஜாக்கியைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது பாதிக்கும் மேற்பட்ட முறை. இந்த இரண்டு கைகளையும் முதலில் ஏற்றலாம், ஆல்-இன்னுக்குப் போகாமல் விலகலாம்.

இதெல்லாம் ஆரம்பத்துக்கு மட்டும். பிளைண்ட் 200, 400 என்று ஏறிவிட்டால் அதே 3,000 சிப்ஸ் ஏழரை மடங்குதான். அப்போது ஏஸ், கிங் வந்தால் ஆல்-இன் பட்டனே சரி.

செய்து பார்க்க, லோக்கல் கேம் தொடங்கும்போது வரும் விண்டோவில் ஆட்கள் 10, சிப்ஸ் 3,000, முதல் சின்ன பிளைண்ட் 10 என்று அமையுங்கள். இரண்டு ஏஸ் முதல் இரண்டு ஜாக்கி வரையிலான ஜோடிகள், ஏஸ்-கிங் ஆகியவற்றை மட்டும் ஆடுங்கள். ஏறக்குறைய 33 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் இவற்றில் ஒன்று வரும், கொட்டாவி வரும். எக்செல்லில் மூன்று பத்தி போட்டு, வந்த சீட்டு, எதிரில் நின்ற ஆட்கள், கிடைத்த அல்லது போன சிப்ஸ் என்று குறித்து வாருங்கள். இரண்டாவது பத்தியில் எண் பெரிதாக இருக்கும் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள்.