மஞ்சள் குளிசை

மருதனார்மடம்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மகன்,

நேற்றுப் பின்னேரம் உங்கள் வீட்டுப் பக்கம் போனேன். யன்னலோரம் வைத்திருந்த குளிசையைக் காணவில்லை என்று மருமகள் மெல்லமாய்ச் சொன்னாள். கொம்மா எடுத்து ஒளித்துவிட்டாளாம். "பிள்ளை வயித்தில வரமுன்னம் என்ன குளிசை? இது தங்காமல் இருக்கிறதுக்குக் குடுக்கிறதெல்லோ" என்றாளாம். நீயும் கொழும்பில் இருந்துகொண்டு "அம்மா சொல்லுறபடி செய்" என்று போனை வைத்துவிட்டாயாம்.

அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். பிள்ளைப்பேறு என்றால் புத்திமதி முழுக்கப் பெண்பிள்ளைக்கே போகும். ஆம்பிளை கடைசியில் ரொபி வாங்கிக் கொடுக்க வருவான். முப்பத்தொரு வருசம் குடும்பநல உத்தியோகத்தராய் இணுவில், உடுவில் ஒழுங்கையெல்லாம் சைக்கிள் உழக்கினவள் நான். அந்த வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அந்தச் சின்ன மஞ்சள் குளிசை போலிக் அமிலம். கர்ப்பத்தைத் தடுக்கிற சாமான் இல்லை. ஏன் இவ்வளவு முந்தி என்பதுதான் விளங்க வேண்டியது.

ஆடிப்பிறப்புக்குக் கொம்மா கொழுக்கட்டை பிடிக்கிறதைப் பார்த்திருப்பாய். தட்டின மாவில் பயற்றை வைத்து, இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கி நடுவில் ஒட்டி, பிறகு விரலால் அங்காலும் இங்காலும் நுள்ளிக்கொண்டு போவாள். மூளையும் அப்படித்தான் தொடங்குகிறது. கரு உண்டாகி மூன்றாம் கிழமையில் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான தகடு. அதன் ஓரங்கள் எழும்பி, 22ஆம் நாளளவில் கழுத்து வரப்போகிற இடத்தில் முதலில் ஒட்டும். அங்கிருந்து மேலும் கீழுமாய் மூடிக்கொண்டு போகும். தலைப்பக்க வாய் 25ஆம் நாளளவில் மூடும், அடிப்பக்க வாய் 28ஆம் நாளளவில். அதுதான் நரம்புக்குழாய். அந்த நேரம் கருவின் நீளம் நாலைந்து மில்லிமீற்றர்; கொழுக்கட்டைக்குள் வைக்கிற பயற்றில் ஒன்றளவு. அதற்குள்ளேயே தலைப்பக்கம் மூன்று புடைப்பாய்ப் பருத்து, அடுத்த கிழமை ஐந்தாய்ப் பிரியத் தொடங்கிவிடும்.

28 நாள் என்பது கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவது. மாதம் தவறி இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். எங்கட பெட்டைகள் அப்போது "நாள் கொஞ்சம் பிந்துது" என்று ஆருக்கும் சொல்லாமல் இருப்பார்கள். கிளினிக்கில் வந்து பதிகிற நேரம் நுள்ளல் முடிந்து கிழமைகள் ஆகிவிடும். ஓரம் ஒட்டாமல் விட்டிருந்தால் பிறகு எந்தக் குளிசையும் ஒட்டாது. கீழ்ப்பக்கம் ஒட்டாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு: முதுகில் பைபோலத் தள்ளி நிற்கும், பலருக்குத் தலையிலும் நீர் கட்டும். அதற்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. தலைக்குள் குழாய் வைத்த பிள்ளை ஒன்று பள்ளிக்கூடம் போய் என்னோடு வாய் காட்டினதையும் பார்த்திருக்கிறேன். மேற்பக்கம் ஒட்டாவிட்டால் மண்டை ஓடும் பெருமூளையும் உருவாகாது. அதற்கு வைத்தியம் கிடையாது.

இனிச் சொல்லப்போகிறது உனக்குத் தெரியாத விசயம். உனக்கு மேலே ஒரு அக்கா இருந்தாள்.

1991, சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, ஜாம் போத்தில் விளக்கு. கொம்மாவின் வயிறு மாதத்துக்கு மிஞ்சிப் பெருத்திருந்தது. இரட்டை என்று எல்லாருக்கும் புளுகம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தடவிப் பார்த்தால் தலை கைக்கு வட்டமாய் அகப்படவில்லை. குழந்தை பன்னீர்க்குடத்துத் தண்ணீரை விழுங்காததால் அது கூடிப்போய் வயிறு வீங்கியிருக்கிறது என்று மட்டுக்கட்ட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நடுச்சாமத்தில் வீட்டிலேயே பிறந்தது. முகம், கை, கால், நகம் எல்லாம் சரி. புருவத்துக்கு மேலே ஒன்றுமில்லை. என் சுட்டுவிரலைக் கொடுத்தேன், பிடித்தாள். பிடிக்கிறதற்கு மூளைத்தண்டு போதும் என்று பிறகுதான் படித்தேன். விடியமுன்னம் போய்விட்டாள். கொம்மாவுக்கு முகத்தை மட்டும் காட்டினேன், மேலே துணியைச் சுற்றி.

எட்டுச் சிலவு முடியமுன்னமே கதை தொடங்கிவிட்டது. கொம்மா ஆரம்பத்தில் தலையிடிக்கு இரண்டு குளிசை போட்டவள். "குளிசை போட்டுப் பிள்ளையை அழிச்சவள்" என்று எங்கட சனமே சொன்னது. ஆர் என்று எழுத மாட்டேன், சிலபேர் இப்போது இல்லை. அன்றிலிருந்து அவள் காய்ச்சலுக்கும் மல்லித்தண்ணிதான். மருமகளின் குளிசையை ஏன் ஒளித்தாள் என்று இப்போது விளங்குதோ?

அதே 1991இல்தான் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் செய்த பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. இப்படி ஒரு பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாருக்குக் கரு உண்டாகுமுன்பே தினம் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் கொடுத்தார்கள். அந்தக் குறை மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது. ஆனையிறவுப் பாதை மூடியிருந்த வருசம். சவர்க்காரமே வராத இடத்துக்கு அந்தச் செய்தியா வரும்? பிந்தி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது கொப்பியில் வருசத்தை எழுதிவிட்டு அப்படியே இருந்தேன்.

குளிசைக்குப் பயந்த கொம்மா உனக்குக் காய்ச்சலில் மாமைற் கரைத்துத் தந்தாள்தானே? பம்பாயில் பஞ்சாலைப் பெண்களின் சோகையை லூசி வில்ஸ் என்ற வைத்தியர் 1931இல் மாமைற்றால் மாற்றிக்காட்டினார். அதற்குள் இருந்த சத்து இதே போலிக் அமிலம்தான். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலத்தீனில் இலை என்று அர்த்தம் வரப் பெயர் வைத்தார்கள். அப்போ சந்தையில் கீரை வாங்கிச் சமைத்தால் போதாதோ என்று கேட்பாய். முருங்கையிலையும் பயறும் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். எங்கட அவியலுக்குத் தப்பி வருவதை நம்பி இருக்கேலாது.

செய்ய வேண்டியது இதுதான். சாதாரணமாய் ஒரு பெண்ணுக்குத் தினம் 0.4 மில்லிகிராம் போதும், கரு உண்டாகுமுன் தொடங்கி மூன்று மாதம் முடியும்வரை. உன் விசயம் வேறு. தாய் தகப்பன் இருவரில் ஒருவரின் குடும்பத்தில் இந்தக் குறை இருந்தாலும் 5 மில்லிகிராம் கொடுப்பது உண்டு. ஆகவே நீயே மருமகளோடு கிளினிக்குக்குப் போய், "என் கூடப்பிறந்தவள் இப்படிப் பிறந்தாள்" என்று டொக்டரிடம் சொல். அளவை அவர் தீர்மானிக்கட்டும். மஞ்சள் குளிசையை நீங்களாக அள்ளிப் போட வேண்டாம். மருமகளுக்குச் சீனி வருத்தமோ, வலிப்புக்கு மருந்தோ இருந்தால் அதையும் சொல். வல்புரோவேற் என்ற வலிப்பு மருந்து இந்தக் குறையைக் கூட்டும், ஆனால் கேட்காமல் நிறுத்தினால் அது வேறு ஆபத்து. ருபெல்லா ஊசி போட்டதோ என்றும் பார்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்கு வரும். எல்லாவற்றுக்கும் காரணம் போலிக் அமிலம் குறைவதுதான் என்றில்லை. ஐந்தாம் மாத ஸ்கானில் தெரியவரும். தெரிந்த பிறகு எங்கள் நாட்டில் வழி குறைவு: 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை விடுகிறது. எதுவானாலும் மருமகள் தின்றதையும் குடித்ததையும் ஆரும் கணக்கெடுக்க நீ விடக்கூடாது.

பக்கத்து மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1857இலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சுப் போட்டார். நாங்கள் இன்னும் குசினிக்குள் குசுகுசுக்கிறோம்.

இதை உனக்கு எழுதப்போகிறேன் என்று கொம்மாவிடம் சொன்னேன். மறுமொழி சொல்லவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு போய் முருங்கையிலை உருவத் தொடங்கினாள். நான் வெளிக்கிட்டுப் படலையடிக்கு வந்தபோது பின்னால் வந்து, "அவள் உன்ர விரலைப் பிடிச்சவளோ அக்கா?" என்று கேட்டாள். முப்பது வருசத்துக்கு மேல் நான் அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது அது. எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை கிளினிக். செவ்வாய் இரவு ரயிலுக்கு ரிக்கற் எடு.

அன்புடன்
பெரியம்மா