சோதனைக் கருவி இன்னும் தேவையா?

சாஃப்ட்வேர் துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் அலுவலகத்தில் சந்திக்கும் கேள்வி இது. ஒரு திட்டத்தில் சேர்த்த தானியங்கிச் சோதனைக் கருவியை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது? பழகியவர்கள் "இருக்கட்டும்" என்பார்கள். செலவைப் பார்ப்பவர்கள் "எடுத்துவிடலாம்" என்பார்கள். முடிவெடுக்க இவை போதா.

கருவி எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். 2011-இல் அரியா ஹிதாயத் என்பவர் பேண்டம்ஜேஎஸ் என்ற கருவியை வெளியிட்டார். திரையில் எதையும் காட்டாமலே இணையப் பக்கங்களை இயக்கும் உலாவி அது. திரையே இல்லாத சர்வர்களில் சோதனைகளை நடத்த மிகவும் உதவியது. 2017-இல் குரோம் உலாவியின் 59-ஆம் பதிப்பிலேயே அந்த வசதி வந்தது. மக்கள் பயன்படுத்தும் உலாவியிலேயே சோதிக்க முடிந்ததால் தனிக்கருவியின் தேவை குறைந்தது. 2018-இல் பேண்டம்ஜேஎஸ் பணி நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்து, கீழ்க்கண்டவற்றை ஆராயலாம்:

1. கடந்த ஆறு மாதங்களில் கருவி பிடித்த உண்மையான பிழைகள் எத்தனை? சோதனைகளைச் சரிசெய்யவே செலவான நாட்கள் எத்தனை? இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

2. பிழை இல்லாதபோதும் அடிக்கடி தோல்வி காட்டுகிறதா? அப்படியானால் உண்மையான தோல்வியையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இதுவே பெரிய ஆபத்து.

3. கருவியைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்களா? புரோட்ராக்டர் என்ற கருவியை நிறுத்தப்போவதாக ஆங்குலர் குழுவினர் 2021-இல் அறிவித்தனர். 2023-இல் ஆதரவு முடிந்தது. மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. எல்லாக் கருவிக்கும் அப்படிக் கிடைக்காது.

4. திட்டம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா? வாரந்தோறும் மாறினால் பழைய வசதிகளை மீண்டும் மீண்டும் சோதித்தே ஆகவேண்டும். மாற்றம் அரிதென்றால் கையால் சோதித்தாலே போதும்.

கருவி வேண்டாம் என்று முடிவானாலும் உடனே நீக்கிவிடக் கூடாது. பணம் செலுத்துதல், கணக்கில் நுழைதல் போல அது காத்துவந்த ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, மாற்று ஏற்பாடு செய்து, சில வாரங்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"கருவி போனால் என் வேலையும் போய்விடுமோ?" என்று அஞ்சும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எதைச் சோதிக்க வேண்டும், எங்கே பழுது வரும் என்ற அறிவு உங்களுடையது. இந்தப் பட்டியலைத் தயாரிக்க முன்வாருங்கள். அடுத்த கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களைத்தான் கேட்பார்கள்.