மலையில் மாதிரி ஹெலிகாப்டர்

கோழிக்கோட்டுக் கடற்கரையில் நன்கு பறக்கும் ரேடியோ மாதிரி ஹெலிகாப்டரை, நாடுகாணி வழியாக மலையேறி உதகைக்குக் கொண்டு செல்வோம். அங்கே அது எழும்பத் திணறும். ஏன்?

சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தூக்குவிசையோ காற்றின் அடர்த்தியையும் சுழல்வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே, இறக்கையின் சாய்வை மாற்றாவிட்டால், கீழே நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்ற இறக்கை மேலே சுமார் 2,240 முறை சுழல வேண்டும்.

செவ்வாயில் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குதான். 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே பறந்த ‘இன்ஜெனுயிட்டி’ 1.8 கிலோகிராம் நிறையே உடையது. ஆயினும் அதன் 1.2 மீட்டர் இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழன்றன. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

வேகம் கூடினால் ஆபத்தும் கூடும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இறக்கை 2,240 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்! ஆகவே மாணவர்களே, இரு இறக்கைகளும் சம எடையா, திருகுகள் இறுக்கமா என்று பாருங்கள். முதலில் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை இயக்கி, வேகக் குச்சியைக் கீழே வைத்து, பிறகே ஹெலிகாப்டரில் பாட்டரியை இணையுங்கள். நிறுத்தும்போது பாட்டரியை முதலில் கழற்றுங்கள். இறக்கை முற்றிலும் நிற்கும்வரை எவரும் அருகில் செல்லக்கூடாது.