இரவுத் தோட்டத்தின் இரு குடிகள்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை அடுத்து, காந்தளூர் சிவன் கோயிலைச் சூழ்ந்து அமைந்த பழைய குடியிருப்பு வலியசாலை. அருகே கிள்ளியாறு ஓடுகிறது. கிணறும் வாழையும் கொண்ட இத்தகைய தென்னிந்தியக் குடியிருப்புகளுக்குப் பொருந்தி வாழும் இரவு உயிர்கள் இரண்டு: ஒன்று, பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ் எனும் இந்திய மரத்தவளை, மற்றொன்று, சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ் எனும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். பழத்துடன் பூந்தேனையும் இவ்வௌவால் உண்ணும்.

இரண்டுக்குமே விரல்தான் கருவி. தவளையின் விரல் நுனிகளில் உள்ள வட்டத் தட்டுகள் இலையிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ள உதவுகின்றன. வௌவாலின் நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த சவ்வே சிறகாகிறது. தவளை பூச்சிகளைத் தின்று அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. வௌவால் வாழைப்பூவின் தேனைப் பருகுகிறது; இலவம், இலுப்பை ஆகியவற்றின் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சேர்க்கிறது; விதைகளையும் பரப்புகிறது.

பெருக்க முறையில் இவை நேர் எதிரானவை. தவளை, நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி, அதில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். பொரித்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளரும். அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். வௌவாலோ ஈற்றுக்கு ஒரே குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும். ஆகவே, குட்டையைத் தூர்த்தால் தவளையின் ஒரு பருவத் தலைமுறை முழுதும் அழியும்; முதிர்ந்த மரத்தை வெட்டினால் வௌவால் கூட்டம் மீள நெடுங்காலம் ஆகும்.

பழந்தின்னி வௌவால்களை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கியது. எனினும், 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா நோய் கண்டபின் மக்களிடையே அச்சம் மிகுந்தது. அக்கிருமியின் இயற்கை இருப்பிடமாகக் கருதப்படுவது வேறோர் இனமான பெரும் பழந்தின்னி வௌவாலாகும். எந்த வௌவால் கடித்த பழத்தையும் உண்ணாதிருப்பதே உரிய காப்பு. மரத்தை வெட்டி விரட்டினால் கூட்டம் இடம் மாறுமேயன்றி நோய் நீங்காது.

தவளைக்குள்ள இடர் வேறு. அதன் மெல்லிய தோல் நீரை உறிஞ்சுவதால், பூச்சிமருந்து கலந்த நீர் அதற்கு எளிதில் நஞ்சாகும்.

நிழல் கவிந்த நீர்நிலை, பூக்கும் முதுமரம், மருந்து தெளிக்காத தோட்டம் இம்மூன்றும் இவ்விரு உயிர்களின் தேவை. மனிதக் குடியிருப்புக்கும் இவை நன்மையே. நகர விரிவாக்கத் திட்டங்களில் இவற்றுக்கும் இடம் ஒதுக்குதல் அவசியம்.